அறைக்குள்ளே என்ன பாஷை?

போன மாதம் இந்தப் பகுதியில், "கடவுளோடு உண்மையான உறவு வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோமே, உங்களுக்கு அது எங்கே இடிக்கிறது, எழுதுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் படித்துவிட்டுக் கொஞ்சம் பயந்துதான் போனேன். நான் சபை நடத்துகிற ஐயரும் இல்லை, திருப்பலி வைக்கிற அச்சனும் இல்லை. குழித்துறைப் பக்கம் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பிரசங்கத்தின் நடுவே சில நேரம் தூங்கியும் விடுகிறவன். அதற்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கடிதங்கள் இங்கே. பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

பாறசாலையிலிருந்து ஒரு வாசகி:

சார், நான் பிறந்தது மார்த்தாண்டம், கட்டிக்கொடுத்தது கேரள எல்லைக்குள்ளே பாறசாலை. வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு சந்தியா பிரார்த்தனை, எல்லாம் மலையாளம். பதினொரு வருஷத்தில் எனக்கும் நன்றாகப் பழகிவிட்டது. "இன்னைக்கு நீ பிரார்த்திக்க" என்று மாமியார் சொன்னால் தட்டாமல் ஐந்து நிமிஷம் சொல்லுவேன், எல்லோரும் நல்ல ஜெபம் என்பார்கள். ஆனால் எழுந்திருக்கும்போது வேறு யாரோ பேசி முடித்ததுபோல் இருக்கிறது. நான் கடவுளிடம் பேசுகிறேனா, மாமியாரிடம் பேசுகிறேனா?

இரண்டு பேரிடமும்தான் பேசுகிறீர்கள். அதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை, நாலு பேர் கேட்க ஜெபிக்கிறவர்கள் எல்லோருக்கும் இது உண்டு, கன்வென்ஷன் மேடையில் மைக் பிடித்து ஜெபிக்கிறவருக்கு உங்களைவிடக் கூடுதலாகவே உண்டு. கஷ்டம் எங்கே என்றால், அந்த ஐந்து நிமிஷத்தைத் தவிர வேறு பேச்சே உங்களுக்கும் கடவுளுக்கும் இல்லாமல் போவதில்தான்.

மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசு, ஜெபம் பண்ணும்போது உன் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்கிறாரே, அந்த "அறைவீடு" என்பதற்குக் கிரேக்கத்தில் இருக்கிற சொல் தமெயோன். சாமான் வைக்கிற உள் அறை. தனி ஜெப அறை, மெழுகுவர்த்தி, பாய் என்று நாம் கற்பனை பண்ணுகிற ஏற்பாடெல்லாம் அதில் கிடையாது. தானியமும் எண்ணெயும் இருக்கிற, யாரும் உட்கார்ந்து பேசாத மூலை அது. உங்கள் வீட்டில் அது தேங்காய் போட்டு வைக்கிற சாய்ப்பாக இருக்கலாம், கிணற்றடியாகவும் இருக்கலாம்.

அங்கே போய் என்ன பாஷையில் பேசுவது என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம், நீங்கள் அதை நேராகக் கேட்கவில்லை என்றாலும். "ஸ்வர்க்கஸ்தனாய ஞங்ஙளுடெ பிதாவே" உங்களுக்கு அந்நியமாக இருக்கிறது, சரி. ஆனால் மார்த்தாண்டத்தில் சின்ன வயதிலே சொன்ன "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" மட்டும் உங்கள் வீட்டுப் பேச்சா? நம் ஊரில் யார் அப்பாவைப் பிதாவே என்று கூப்பிடுகிறார்கள்? இயேசுவின் பேச்சுமொழி அரமாயிக். சுவிசேஷங்களை எழுதியது கிரேக்கத்தில். ஆனாலும் ஒன்றிரண்டு இடங்களில் அவர் வாயில் வந்த சொல்லை மாற்றாமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். கெத்செமனே தோட்டத்தில் வியாகுலப்பட்டு அழைக்கும்போது "அப்பா" என்கிறார், மாற்கு 14-ல் நம் வேதாகமத்திலும் "அப்பா பிதாவே" என்றே இருக்கிறது. சிலுவையில் "எலோயீ, எலோயீ, லாமா சபக்தானி". உயிர் போகிற இடத்தில் வந்த பேச்சைத் திருத்தி எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபிக்கச் சொன்னால் கை நடுங்கும், இரண்டு வாக்கியத்தில் ஆமென் போட்டுவிடுவாள். அதே அம்மா பின்வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக்குத் தோல் சீவும்போது, பக்கத்தில் யாரோ இருப்பதுபோல, "இந்தப் பயலுக்கு எப்போ புத்தி வரும், ஆண்டவரே, நீரே சொல்லும், எனக்கு ஒண்ணும் தோணல்ல" என்று பேசிக்கொண்டிருப்பாள். பயல் நான்தான், அதனால் ஒளிந்து நின்று கேட்டிருக்கிறேன். பதில் வந்ததா தெரியாது. ஆனால் அவள் பேசியது யாரிடம் என்பதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை.

மாமியார் முன்னால் சொல்லுகிற ஜெபத்தை நிறுத்த வேண்டாம், அது வீட்டோடு சேர்ந்து செய்கிற காரியம், அதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. அதோடு, ஆள் இல்லாத இடத்தில் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது, நீங்கள் உங்கள் அம்மாவிடம் போனில் பேசுகிற அதே தமிழில் அவரிடம் பேசிப்பாருங்கள். பாதி மலையாளம் கலந்து வந்தால் கலக்கட்டும், எல்லைக்காரர்கள் நாம், 1956 நவம்பர் 1-ல் நமக்கும் கேரளத்துக்கும் நடுவே கோடு கிழித்தவர்கள் நம் நாக்கில் கிழிக்கவில்லை. முதல் நாள் கூச்சமாக இருக்கும். உதடு மட்டும் அசைந்தாலும் போதும். வேதாகமத்தில் பிள்ளை கேட்டு அழுத அன்னாள் அப்படி ஜெபித்ததைப் பார்த்துத்தான் ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். கோயிலிலேயே கிடந்த மனுஷனுக்கே அடையாளம் தெரியவில்லை.

அருமனையிலிருந்து ஒரு வாசகர்:

எனக்கு வயது 53. ரப்பர் வெட்டுகிறேன், சொந்தமாகக் கொஞ்சம் மரமும் உண்டு. மகனுக்கு வெளிநாட்டு விசா கிடைக்க ஏழு வாரம் உபவாச ஜெபத்துக்குப் போனேன். விதைக் காணிக்கை கொடுத்தால் கதவு திறக்கும் என்றார்கள், கடன் வாங்கிக் கொடுத்தேன். விசா தள்ளுபடி ஆகிவிட்டது. கேட்டால், உங்களுக்கு விசுவாசம் போதாது என்கிறார்கள். இப்போது முழங்காலில் நின்றால் ஒரு வார்த்தை வரவில்லை. கடவுள் என்னைக் கைவிட்டாரா, நான்தான் தப்பு செய்தேனா?

அண்ணாச்சி, முதலில் பணத்தை முடித்துவிடுவோம். அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தில் மாயவித்தைக்காரன் சீமோன் தேவனுடைய வரத்துக்குப் பணம் நீட்டினபோது பேதுரு, உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப் போகக்கடவது என்று முகத்துக்கு நேரே சொன்னார். அன்றைக்கு நீட்டினவனைத் திட்டினார். இன்றைக்கு நீட்டச் சொல்கிறவர்களை அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இனிமேல் ஒரு பைசா கொடுக்க வேண்டாம், கடனை அடைப்பதுதான் இப்போதைக்கு உங்கள் காணிக்கை. இதை எழுதினதற்காக எனக்குத் திட்டு வரும், வரட்டும்.

அடுத்து, விசுவாசம் போதாது என்றார்களே. கெத்செமனேயில் இயேசு, கூடுமானால் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று ஒரே வேண்டுதலை மூன்று தரம் வைத்தார். நீங்கவில்லை. பவுல் தன் மாம்சத்தில் ஒரு முள் இருக்கிறது, அதை எடுத்துப்போடும் என்று மூன்று தரம் கேட்டார், கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்" என்பதுதான். இந்த இரண்டு பேருக்கும் விசுவாசம் குறைவு என்று சொல்லத் தைரியம் இருக்கிறவர் உங்களிடமும் சொல்லிக்கொள்ளட்டும்.

ஆனால் உங்களிடமும் ஒரு கேள்வி உண்டு, கோபப்படாதீர்கள். அந்த ஏழு வாரத்தில் விசாவைத் தவிர வேறு ஏதாவது அவரிடம் பேசினீர்களா? மகன் போய்விட்டால் வீட்டில் நீங்களும் வீட்டுக்காரியும் தனியாகிவிடுவீர்களே, அந்தப் பயம்? ரப்பர் விலையை நம்பி இனி ஒன்றும் நடக்காது என்கிற எண்ணம்? அவன் போகாமலிருந்தால்தான் என்ன என்று உள்ளே ஒரு மூலையில் நினைத்தது? நமக்கு ஒரு பழக்கம், ஆபீஸில் மனு கொடுக்கிற மாதிரி ஒரே தாளை எடுத்துக்கொண்டு போவோம், அதைத் தவிர மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கும். மனு தள்ளுபடியானதும் பேச ஒன்றும் இல்லாததுபோல் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

வார்த்தை வரவில்லை என்றால் முழங்காலை விடுங்கள். விடியற்காலம் நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தனியாக மரத்துக்கு மரம் நடக்கிறீர்களே, வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறையும் என்று எல்லோரும் தூங்குகிற நேரத்தில் போகிறீர்கள், அந்த நேரத்துக்கு ஈடான நேரம் எந்த உபவாசக் கூட்டத்திலும் கிடைக்காது. பதின்மூன்றாம் சங்கீதம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது, எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. அதை மனப்பாடம் பண்ணி, மரத்துக்கு மரம் போகும்போது முதல் இரண்டு வசனத்தை மட்டும் சொல்லுங்கள். மீதி நாலு வசனத்துக்கு அவசரம் இல்லை. அது உங்கள் வாயில் உண்மையாக வரும்போது வரட்டும்.

களியக்காவிளையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்:

மே மாதம் வாலிபர் முகாமில் என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன் சார். அழுகை அழுகையாக வந்தது, அவ்வளவு சந்தோஷம். இப்போது நாகர்கோவிலில் ஹாஸ்டலில் இருக்கிறேன். பைபிளைத் திறந்தால் கொட்டாவி வருகிறது. நான் விசுவாசத்தை விட்டுப் பின்மாற்றத்தில் விழுந்துவிட்டேனா?

மக்ளே, நீ விழவில்லை, முகாம் முடிந்துவிட்டது. மூன்று நாள் ராத்திரித் தூக்கம் இல்லாமல், கிட்டாரும் கீபோர்டும் வாசிக்க, இருநூறு பிள்ளைகளோடு சேர்ந்து அழுதால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அது பொய் என்று சொல்லவில்லை, எனக்கும் ஒரு காலத்தில் நடந்திருக்கிறது. ஆனால் அந்த உணர்ச்சியை உறவு என்று நினைத்துக்கொண்டால், அது வடியும்போது ஆளே போய்விட்டதுபோல் ஆகிவிடும்.

தீர்க்கதரிசி எலியாவைப் பார். கர்மேல் மலையில் அவர் ஜெபத்துக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்கின கொஞ்ச நாளிலேயே ஒரு சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தூதன் வந்து ஒரு பிரசங்கமும் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டு மறுபடி சாப்பிடச் சொன்னான். நீயும் ஹாஸ்டலில் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் போனை நோண்டாமல் தூங்கு, கொட்டாவியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்று. அன்னை தெரசாவின் கடிதங்கள் அவர் இறந்து பத்து வருஷம் கழித்து 2007-ல் புத்தகமாக வந்தபோது, பல பத்தாண்டுகள் அவர் ஜெபத்தில் ஒன்றையும் உணராமல், உள்ளே இருட்டாகவே இருந்தார் என்று தெரிந்து உலகமே அதிர்ச்சி அடைந்தது. ஆனால் அந்தக் காலம் முழுக்க அவர் காலையில் எழுந்து ஜெபத்துக்குப் போனார், அப்புறம் தெருவுக்கு இறங்கினார். உனக்கு நாலு மாதம்தானே ஆகிறது.

மாற்கு சுவிசேஷம் பதினாறே அதிகாரம், நாலு சுவிசேஷங்களில் சின்னது. ஒரு சனிக்கிழமை மதியம் ஒரே உட்காரலில் கதைபோல் படித்துவிடலாம். போனில் தினமும் சூரிய உதயப் படத்தோடு வருகிற ஒற்றை வசனத்தை விட்டுவிட்டு இதைப் படி. படிக்கும்போது இந்த மனுஷனை எனக்குப் பிடித்திருக்கிறதா, இவர் சொல்வதில் எது எனக்கு எரிச்சலாக இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே போ. எரிச்சலாக இருந்ததை அவரிடமே சொல்.

தூத்தூர் பக்கத்துக் கடற்கரையிலிருந்து ஒரு வாசகி:

ஓகிப் புயலில் என் வீட்டுக்காரர் போனார். உடல் கிடைக்கவில்லை. இன்றைக்கும் செபமாலை சொல்கிறேன், திருப்பலிக்குப் போகிறேன், உதடுதான் சொல்கிறது. உள்ளே கடவுள்மேல் கோபம். இதை வெளியே சொன்னால் பிள்ளைகளுக்குக் கேடு வரும் என்று அக்கா பயமுறுத்துகிறாள். கோபத்தோடு செபிக்கலாமா?

இந்தக் கடிதத்தைப் பல நாள் கையில் வைத்திருந்தேன். 2017 நவம்பர் 30-ம் தேதியை இந்தக் கரையில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. நாள்கணக்காக ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கிறவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள். எச்சரிக்கை வந்தபோது பலர் முன்பே வெகுதூரம் போயிருந்தார்கள். உடலும் இல்லாமல், குழியும் இல்லாமல், நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளில் எங்கே போய் மெழுகுவர்த்தி கொளுத்துவது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லத் தகுந்தவன் இல்லை. நீங்கள் கேட்ட ஒன்றுக்கு மட்டும் சொல்கிறேன்.

செபிக்கலாம். யோபுவின் கதை உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்த மனுஷர், நான் பிறந்த நாளே அழிந்துபோகட்டும் என்று தொடங்கி, அதிகாரம் அதிகாரமாகக் கடவுளை வழக்குக்கு இழுக்கிறார். பார்க்க வந்த மூன்று நண்பர்கள் முதல் ஏழு நாள் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் செய்ததில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்தபின் கடவுளுக்கு வக்காலத்து வாங்கி, உன்மேல்தான் ஏதோ குற்றம் இருக்கும் என்றார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் யார்மேல் வந்தது? என் ஊழியன் யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று நண்பர்களிடம்தான் சொன்னார். உங்கள் அக்காவிடம் இந்த இடத்தை வாசித்துக் காட்டுங்கள், நாற்பத்திரண்டாம் அதிகாரம், ஏழாம் வசனம். சண்டை போடுவதற்காக இல்லை. அவர் பயப்படுவதும் உங்கள் பிள்ளைகள்மேல் உள்ள அன்பில்தானே.

லாசர் செத்து நாலாம் நாள் வந்து சேர்ந்த இயேசுவிடம் மார்த்தா சொன்னதும் இதுதான், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான் என்று. மரியாவும் வந்து அதையே சொன்னாள். அவர் இரண்டு பேரையும் கண்டிக்கவில்லை. அழுதார்.

88-ம் திருப்பாடலை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு புலம்பினாலும் பெரும்பாலான புலம்பல் பாடல்கள் கடைசியில் ஒரு நம்பிக்கை வரியில் வந்து நிற்கும். இது நிற்காது. கடலின் அலைகளெல்லாம் என்மேல் புரண்டன என்கிற மாதிரிப் பேசிவிட்டு எபிரேயத்தில் "இருள்" என்கிற சொல்லோடு அப்படியே முடிந்துவிடுகிறது. இதையும் தொகுத்து, கோயிலில் பாடுவதற்கென்று வைத்தார்களே, அதைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். உங்களுக்கு முன்னாலேயே யாரோ உங்கள் செபத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

உதடு மட்டும் சொல்கிறதே என்று வருத்தப்பட வேண்டாம். மனசு வராத நாளில் உதடாவது போய் நிற்கிறது. என் சி.எஸ்.ஐ. புராட்டஸ்டண்ட் சொந்தக்காரர்கள் இதற்கு என்னோடு சண்டைக்கு வருவார்கள், ஜெபம் என்று எழுதுவதா செபம் என்று எழுதுவதா என்பதிலேயே நாங்கள் ஒத்துப்போகாதவர்கள். செவ்வாயும் வெள்ளியும் செபமாலையில் இயேசு பட்ட பாடுகளை நினைக்கிற துயர மறைபொருள்கள் சொல்வீர்கள் அல்லவா, முதலாவதே அவர் தோட்டத்தில் இரத்த வியர்வை வியர்த்தது. அங்கே மணியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுங்கள். அருள் நிறைந்த மரியே பத்தும் முடிந்தாலும் அடுத்ததற்குப் போக வேண்டாம். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, ஏன் என்று கேளுங்கள், உங்கள் கடற்கரைத் தமிழில், எவ்வளவு கடுமையாக வந்தாலும்.

மேல்புறத்திலிருந்து ஒரு வாசகர்:

தினமும் ஒரு மணி நேரம் வேதம் வாசிக்கிறேன், தசமபாகம் தவறுவதில்லை. இருந்தும் திருவிருந்து எடுக்கும்போது மனசு அடைத்துக்கொள்கிறது. வேலியில் நிற்கிற பிலாமரத்தின் பேரில் தம்பியோடு பேச்சு நின்று ஒன்பது வருஷம் ஆகிறது. அவன் இரண்டு வரிசை பின்னால் உட்காருகிறான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நீங்களே இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?

மத்தேயு ஐந்தில், காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டு, முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று இயேசு சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயர்கள். பலிபீடம் எருசலேமில். நூறு கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாலு நாள் நடை. அவ்வளவு தூரம் போய், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்ப ஊருக்கு நடந்து, தம்பியைப் பார்த்து, மறுபடியும் எருசலேமுக்கு நட என்கிறார். உங்கள் தம்பி இரண்டு வரிசை பின்னால் இருக்கிறார்.

யார்பேரில் நியாயம் என்று எனக்குத் தெரியாது, மரம் உங்களுடையதாகவே இருக்கலாம். ஒரு மணி நேர வாசிப்பை ஒரு வாரத்துக்கு அரை மணியாக்கி, மீதி நேரத்தில் அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். முதல் நாள் கதவு திறக்காமல் போகலாம், அவர் மனைவி வந்து ஆள் இல்லை என்று சொல்லலாம், ஆள் உள்ளே இருமுவது உங்களுக்குக் கேட்கவும் கேட்கலாம். மறுநாளும் போங்கள். சக்கை பழுத்திருந்தால் ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். பத்திர நகலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.